நோயாளி இல்லாத ஸ்கேன்

அல்சைமர் வந்தவரின் மூளை ஆண்டுக்கு ஒன்றிரண்டு சதவீதம் சுருங்கும். இவ்வளவு சிறிய மாற்றத்தை எம்.ஆர்.ஐ. படத்தில் அளக்கும்போது, சுருங்கியது மூளைதானா, இயந்திரத்தின் அளவு நழுவிவிட்டதா? தலைக்குள் இருப்பதை வெளியே எடுத்து அளந்து பார்க்க முடியாது. அதனால்தான் அளவு முன்பே தெரிந்த பொருள் ஒன்றை நோயாளியின் இடத்தில் வைத்து ஸ்கேன் எடுக்கிறார்கள். துறையினர் அதை ஃபேன்டம் என்பார்கள்.

அமெரிக்கக் கதிரியக்கவியல் கல்லூரியின் ஃபேன்டம் பரவலாகப் புழங்குவது. உள்விட்டம் 190 மில்லிமீட்டர் கொண்ட அக்ரிலிக் உருளை. அதில் வெறும் தண்ணீரை ஊற்றினால் ஆகாது. காந்தப்புலத்தில் தூண்டப்பட்ட தண்ணீர் பழைய நிலைக்குத் திரும்ப நொடிக்கணக்கில் ஆகும். உடலின் திசுக்களுக்கு அவ்வளவு நேரம் வேண்டாம். ஆகவே நிக்கல் குளோரைடு கலக்கிறார்கள். கூடவே உப்பும். உடலைப்போல அந்தத் திரவமும் மின்சாரத்தைக் கடத்தினால்தான், ஆள் படுத்திருப்பதுபோல இயந்திரத்தின் கம்பிச்சுருள் (காயில்) அதை உணரும்.

உள்ளே 1.1, 1.0, 0.9 மி.மீ. அளவில் துளை வரிசைகள். எதுவரை துளைகள் தனித்தனியாகத் தெரிகின்றன என்று பார்க்க வேண்டும். இன்னொரு பகுதியில் சக்கரத்தின் ஆரங்களாக அடுக்கிய மங்கலான வட்டங்கள். ஆரத்துக்கு ஆரம் சிறுத்துக்கொண்டே போகும். எத்தனை ஆரம் முழுதாகத் தெரிகிறது என்று எண்ணுவதுதான் சோதனை. கோடிகள் பெறும் இயந்திரத்தை ஒரு தொழில்நுட்பரின் பொறுமையான கண் எடைபோடுவது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

உருளையின் அந்த 190 மி.மீ. விட்டம் படத்தில் 188 என்று வந்தால், ஒரு சதவீதம்தானே என்று விடத் தோன்றும். மூன்று திசையிலும் அதே பிழை இருந்தால் கன அளவில் மூன்று சதவீதம் போய்விடும். நோயின் ஓராண்டுச் சுருக்கத்தைவிட அது அதிகம். 2004இல் அமெரிக்காவில் தொடங்கிய ஏ.டி.என்.ஐ. என்ற அல்சைமர் ஆய்வு, தாமிர சல்பேட் கரைசல் நிரப்பிய 165 உருண்டைகள் கொண்ட தனி ஃபேன்டத்தைப் பயன்படுத்தியது இதற்காகத்தான்.

எம்.ஆர்.ஐ. துறையின் பிறப்பே இப்படி. 1973இல் பால் லாட்டர்பர் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட முதல் படத்தில் இருந்தவை, கனநீருக்குள் வைத்த இரண்டு மெல்லிய தண்ணீர்க் குழாய்கள். இரண்டு உண்டு என்று முன்பே தெரிந்ததால்தான் படம் சரியென்று சொல்ல முடிந்தது.

தொடர்ந்து ஸ்கேன் எடுக்க வேண்டியவர்களை முடிந்தவரை அதே இயந்திரத்தில், அதே முறையில் எடுக்கச் சொல்லுங்கள். கடைசியாக ஃபேன்டம் சோதனை எப்போது நடந்தது என்றும் கேட்கலாம். அந்தத் தேதி அறிக்கையிலேயே அச்சாக வேண்டும் என்பது என் கோரிக்கை.