மோதிய வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லையா? இழப்பீடு யார் தருவது?

மாத்தூர் எம்.எம்.டி.ஏ.விலிருந்து மணலிக்கும் எண்ணூருக்கும் டூவீலரில் வேலைக்குப் போகிறவர்களுக்கு, கண்டெய்னர் லாரிகளுக்கும் மினி வேன்களுக்கும் நடுவில் புகுந்து போவதே அன்றாடப் பாடு. அப்படிப் போகும்போது ஒரு வண்டி இடித்துவிடுகிறது, அதற்கு இன்சூரன்ஸே இல்லை என்று வைத்துக்கொள்வோம். "கேஸ் எல்லாம் வேணாம்ணே, ஆஸ்பத்திரி செலவை நான் பாத்துக்கிறேன்" என்று ரோட்டிலேயே பேச்சு ஆரம்பித்துவிடும்.

அங்கேதான் உஷாராக இருக்க வேண்டும். கையில் சில ஆயிரங்களைக் கொடுத்துவிட்டு வண்டி கிளம்பிவிட்டால், நாளைக்கு கேட்பதற்கு பிடி எதுவும் மிஞ்சாது.

மூன்றாம் நபர் காப்பீடு சட்டப்படி கட்டாயம். இல்லாமல் ஓட்டினால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதம் அல்லது 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆனால் அந்த அபராதம் அரசுக்குப் போகிறது. அடிபட்டவருக்கு அதில் ஒரு பைசா வராது.

வண்டியை விடக்கூடாது

இன்சூரன்ஸ் இல்லாத வண்டி விபத்தில் சிக்கினால், உரிமையாளர் போதுமான ஜாமீன் தொகை கட்டாதவரை அதை விடுவிக்கக் கூடாது. 3 மாதத்தில் கட்டாவிட்டால் ஏலம் விட்டு, பணத்தைத் தீர்ப்பாயத்தில் செலுத்த வேண்டும். 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் சொன்னது இது. போலீஸில் புகார் போகாமல் இது நடக்காது. வண்டி நம்பரை எம்-பரிவாகன் ஆப்பில் போட்டால் காப்பீடு உயிரோடு இருக்கிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும். அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

"வண்டியை நான் எப்பவோ வித்துட்டேன்" என்ற பதிலும் வரும். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே பொறுப்பு என்பதையும் உச்ச நீதிமன்றம் அதே 2018இல் தெளிவுபடுத்திவிட்டது.

எங்கே, எவ்வளவு?

சென்னையில் மோட்டார் விபத்து இழப்பீட்டு மனுக்களை சிறு வழக்குகள் நீதிமன்றம் விசாரிக்கிறது. 6 மாதத்துக்குள் மனு போட்டுவிடுவது பாதுகாப்பு. தவறு யாருடையது என்று நிரூபிக்காமலேயே மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் கேட்கும் வழியும் 2022 ஏப்ரலில் இருந்து இருக்கிறது. அதற்கு மேல் வேண்டுமென்றால் வருமானம், சிகிச்சைச் செலவு, ஊனம் எல்லாவற்றையும் காட்டி வழக்கு நடத்த வேண்டும். இடித்துவிட்டு ஓடிய வண்டிக்கான அரசு நிதியை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது, வண்டி எது என்றே தெரியாத விபத்துக்கு மட்டும்தான்.

தீர்ப்பு வந்தும் உரிமையாளர் பணம் கட்டவில்லையா? தீர்ப்பாயம் தரும் சான்றிதழை வைத்து, நிலவரி பாக்கியைப் போலவே மாவட்ட ஆட்சியர் வசூலிக்கலாம். அவருக்குச் சொத்தே இல்லையென்றால் என்ன ஆகும் என்பதற்கு சட்டத்தில் நல்ல பதில் இல்லை. வண்டியை ஆரம்பத்திலேயே விடக்கூடாது என்பது இதற்காகத்தான்.

சிகிச்சைக்கு இதெல்லாம் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. தமிழக அரசின் 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரம் கட்டணம் கிடையாது. 2025 மே மாதம் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் 7 நாள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு உட்பட்டு சிகிச்சை பெறலாம்; மோதிய வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லாவிட்டாலும் இது பொருந்தும்.