பெயருக்கு நடுவில் ஒரு கோடு

ராயபுரம் என்றதும் யாரோ ஒரு ராஜா ஆண்ட ஊர் என்றுதான் தோன்றும். ஆனால், இந்த 'ராயர்' ஒரு மீனவர்!

இயேசுவின் சீடரான பேதுருவைப் பழைய தமிழ்க் கத்தோலிக்கர்கள் ராயப்பர் என்றுதான் அழைத்தார்கள். இங்குள்ள புனித ராயப்பர் ஆலயத்தால்தான் ஊருக்கு இந்தப் பெயர் வந்தது என்பார்கள்.

19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த ஆலயத்தை எழுப்பியவர்கள் படகோட்டிகள். அப்போது சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் நடுக்கடலிலேயே நிற்கும். ஆணி அடிக்காமல், தேங்காய் நார்க் கயிற்றால் பலகைகளைத் தைத்த மசூலா படகுகளில்தான் ஆட்களும் சரக்கும் கரைக்கு வரவேண்டும். அலையோடு போராடிச் சம்பாதித்த காசில் அவர்கள் கட்டிய கோயில் அது.

சரி, அந்தக் காலத்தில் சென்னைக் கத்தோலிக்கர்களுக்கு யார் தலைவர்? அங்கேதான் சிக்கல்!

ஒரு நகரம், இரண்டு தலைமை

சாந்தோமில் குடியேறிய போர்ச்சுகீசியர்களுக்காக, 1606-ல் மயிலாப்பூர் மறைமாவட்டம் உருவானது. அதன் ஆயரைத் தேர்வு செய்யும் உரிமையை போர்ச்சுகல் மன்னருக்குப் போப்பாண்டவர் கொடுத்திருந்தார்.

பிறகு, சில மைல் வடக்கே ஆங்கிலேயர்கள் கோட்டை கட்டினார்கள். 1642-ல் பர்மாவின் பெகு நகரத்துக்குப் போகும் வழியில் இங்கு வந்தார் எஃப்ரேம் என்ற பிரெஞ்சு கப்புச்சின் துறவி. "இங்கேயே தங்கிவிடுங்கள்" என்று கேட்டுக்கொண்டார்கள் ஆங்கிலேயர்கள். கோட்டையில் இருந்த கத்தோலிக்கர்கள் பூசைக்காக சாந்தோம் போவதை அவர்கள் விரும்பவில்லை.

சாந்தோம்காரர்கள் சும்மா இருப்பார்களா? எஃப்ரேமைப் பிடித்து, கோவாவில் இருந்த மத விசாரணை மன்றத்துக்கு அனுப்பிவிட்டார்கள். கோல்கொண்டா ஆட்சியாளர்கள் நெருக்கடி கொடுத்த பிறகே அவருக்கு விடுதலை கிடைத்தது. சென்னைக்குத் திரும்பியவர், விட்ட பணியைத் தொடர்ந்தார்.

அவர் தொடங்கிய மிஷன், 1832-ல் ரோமின் நேரடிப் பார்வையில் தனி நிர்வாகமானது. அயர்லாந்திலிருந்து ஆயர்கள் வந்தார்கள். 1886-ல் அது சென்னை உயர்மறைமாவட்டமாக உயர்ந்தது. மயிலாப்பூரோ போர்ச்சுகல் பக்கமே இருந்தது. ஒரே நகரம், ஒரே பூசை. ஆனால் தலைமை மட்டும் இரண்டு.

1947-க்குப் பிறகும்...

இந்தியா சுதந்திரம் அடைந்த பிறகும், மயிலாப்பூர் ஆயர் நியமனத்தில் போர்ச்சுகலுக்குப் பங்கு இருந்தது! வாடிகனுடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தால் 1950-ல்தான் அது முடிவுக்கு வந்தது.

1952 நவம்பர் 13 அன்று இரண்டும் ஒன்றாகி, 'சென்னை-மயிலை உயர்மறைமாவட்டம்' பிறந்தது. பிரான்சில் பிறந்த சலேசிய சபைத் துறவி லூயி மத்தியாஸ் அதன் முதல் பேராயரானார். சாந்தோம் பேராலயமானது. கப்புச்சின்கள் வழிவந்த அர்மீனியன் தெரு புனித மரியன்னை ஆலயம் இணைப் பேராலயமானது.

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பங்குகள் எல்லாம் இன்று இந்த ஒரே குடையின் கீழ்தான் இருக்கின்றன. ஆலய அறிவிப்புப் பலகையில் 'சென்னை-மயிலை' என்று பார்த்தால், நடுவில் இருக்கும் அந்தச் சின்னக் கோட்டைக் கொஞ்சம் கவனியுங்கள். அதைப் போட முன்னூறு வருஷம் ஆகியிருக்கிறது!