கைநாட்டு வைப்பவருக்கும் கணக்குத் தெரியும்

"எனக்கு என்னங்க தெரியும், நான் படிக்காதவ. கணக்கெல்லாம் டியூஷன்லதான் பார்த்துக்கணும்." திருத்தணியில் பிள்ளையைப் படிக்கவைக்கும் தாய்மாரிடம் பேச்சுக் கொடுத்தால் இது வந்துவிடும். சொல்பவர் மலையடிவாரத்தில் பூ விற்பவராக இருப்பார், கூலிக்கு விசைத்தறி ஓட்டுபவராக இருப்பார். நாளெல்லாம் கணக்கோடு புழங்குகிறவர், தனக்குக் கணக்கே தெரியாது என்று நம்புகிறார். அப்படி அவரை நம்பவைத்தவர்கள் மீதுதான் எனக்குக் கோபம்.

அடிவாரத்துப் பூக்கடை ஒன்றில் நின்று பாருங்கள். முழம் நாற்பது. மூன்றரை முழம் கேட்டு இருநூறு ரூபாய்த் தாளை நீட்டினால், பூவைச் சுருட்டி முடிப்பதற்குள் மீதி அறுபது கைக்கு வந்துவிடும். மூணு நாற்பது நூத்திருபது, அரைக்கு இருபது, ஆக நூத்திநாற்பது. மீதியைக் கழித்துக்கூடப் பார்ப்பதில்லை. நூற்றுநாற்பதிலிருந்து இருநூறுவரை ஏறிப்போய் எடுத்துவிடுகிறார். பெருக்கலை இப்படி உடைத்துச் செய்வதைத்தான் பள்ளிப் புத்தகம் பங்கீட்டுப் பண்பு என்று பாடமாக வைத்திருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும் மகள் 40 × 3.5 என்று போட்டு, புள்ளியைத் தொலைத்து, 1400 என்று விடை எழுதுகிறாள். மூன்றரை முழம் பூ ஆயிரத்து நானூறா என்று அம்மா ஒரு வார்த்தை கேட்டால் போதும், பெண் தானே திருத்திக்கொள்வாள். அவர் கேட்பதில்லை. நோட்டுக் கணக்கு தனக்கானதல்ல என்று ஒதுங்கிவிட்டார்.

பிரேசிலின் ரெசிஃபே நகரில் தெருவில் விற்கும் பிள்ளைகளைச் சோதித்த ஆய்வு 1985-இல் வெளிவந்தது. வியாபாரத்தின்போது கேட்ட கணக்குகளில் 98 சதவீதம் சரி. அதையே வெறும் எண்களாகத் தாளில் கொடுத்தபோது 37 சதவீதம்தான். கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் 1,400-க்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் செய்த ஆய்வு 2025-இல் 'நேச்சர்' இதழில் வந்தது. சந்தைப் பிள்ளைகள் அங்கும் ஏட்டுக் கணக்கில் தடுமாறினார்கள். "பார்த்தீர்களா, வீட்டுக் கணக்கு பரீட்சைக்கு உதவாது" என்று டியூஷன் தரப்பு இதைத் தனக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளும். ஆய்வின் மறுபாதியையும் அவர்கள் படிக்க வேண்டும்: ஏட்டுக் கணக்கு தெரிந்த பள்ளிப் பிள்ளைகள் சந்தைக் கணக்கில் திணறினார்கள். இரண்டையும் இணைத்துக்காட்ட ஆளில்லை என்பதே நோய். அந்த நோய்க்கு இன்னும் நாற்பது பயிற்சிக் கணக்கு கொடுப்பது மருந்தாகாது.

திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியை மனப்பாடம் செய்தார்கள். கால், அரைக்கால், மாகாணி என்று இறங்கி 320-இல் ஒரு பங்கான முந்திரிவரை போனார்கள். அந்தப் பின்னங்கள் நெல் அளப்பதிலும் நிலம் அளப்பதிலும் புழங்கின. அந்தத் திண்ணைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் உட்கார முடியவில்லை. அதனால் அந்தக் காலம் திரும்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஊரின் கணக்கும் பள்ளியின் கணக்கும் அன்று ஒன்றாக இருந்தன.

இந்த ஊரில் இன்னொரு பயமும் உண்டு. 1960 ஏப்ரல் வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர் இது. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் நிறைய. "தெலுங்கில் எண்ணாதே, குழம்பிடுவே" என்று பிள்ளையை அடக்குகிறார்கள். ஒரு குழம்பும் வராது. எந்த மொழியில் எண்ணினாலும் ஏழும் எட்டும் பதினைந்துதான்.

படிக்காத தாய் சூத்திரம் சொல்லித்தர வேண்டியதில்லை. மலைக்குப் படி 365, வருஷத்தின் நாளுக்கு ஒன்று என்று ஊரே சொல்கிறது. ஏழு ஏழாக எண்ணிக்கொண்டு ஏறச் சொல்லட்டும். ஐம்பத்திரண்டு ஏழு முடிந்தபின் ஒரு படி மிஞ்சும். இந்த வருஷம் திங்கட்கிழமை வந்த பிறந்தநாள் அடுத்த வருஷம் ஏன் செவ்வாய்க்கு நகர்கிறது, நடுவில் பிப்ரவரி 29 வந்தால் ஏன் புதனுக்குத் தாவுகிறது என்று அந்த ஒரு படியை வைத்தே பேசலாம். மீதி என்றால் என்ன என்று அந்தப் பிள்ளைக்கு அதன்பின் யாரும் விளக்க வேண்டியிருக்காது.

2022-இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தை முதல்வர் திருத்தணி இன்று இருக்கும் இதே திருவள்ளூர் மாவட்டத்தில்தான் தொடங்கிவைத்தார். நல்ல திட்டம். ஆனால் பெற்றோரை மார்க் சொல்லவும் கையெழுத்து வாங்கவும் மட்டும் கூப்பிடும் பழக்கம் போகவில்லை. அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில், தறி ஓட்டும் ஒரு அப்பாவை எழுப்பி, மீட்டர் கணக்கில் வாரக்கூலியை எப்படிப் போடுகிறார் என்று பிள்ளைகள் முன்னால் சொல்லச் சொல்லுங்கள். அவர் சொல்லச் சொல்ல, ஆசிரியர் அதைக் கரும்பலகையில் எழுதட்டும்.