அரை இன்ச் குறைந்தால் 10 ஆண்டு ஜெயில்? அமெரிக்காவின் 'குட்டை ரைஃபிள்' சட்டத்தில் வரி பூஜ்ஜியம் ஆனதும் என்ன மாறியது?

அமெரிக்காவில் ஒரு ரைஃபிளின் குழல் 16 இன்ச் நீளம் இருந்தால், பெரும்பாலான மாநிலங்களில் அது கடையில் சாதாரணமாக வாங்கக்கூடிய பொருள். அதே துப்பாக்கியின் குழல் பதினைந்தரை இன்ச்தான் இருக்கிறது, அரசிடம் பதிவும் செய்யவில்லை என்றால், வைத்திருப்பவருக்கு 10 ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். இடையில் இருக்கும் வித்தியாசம் வெறும் அரை இன்ச்.

சுமார் 90 ஆண்டுகளாக இருக்கும் இந்த விதி இப்போது மீண்டும் பேசுபொருள் ஆகியிருக்கிறது. காரணம், 2025 ஜூலை 4 அன்று அதிபர் டிரம்ப் கையெழுத்திட்ட பெரிய பட்ஜெட் சட்டம். அதன்படி, குட்டைக் குழல் ரைஃபிள்களுக்கான 200 டாலர் வரி 2026 ஜனவரி 1 முதல் பூஜ்ஜியம். ஆனால் பதிவு செய்ய வேண்டும் என்ற கட்டாயம் மட்டும் அப்படியே இருக்கிறது. வரியே இல்லாதபோது பதிவு எதுக்கு? நீதிமன்றம் வரை போயிருக்கும் கேள்வி இதுதான்.

குட்டை ரைஃபிள் என்றால் என்ன?

தோளில் அழுத்தி வைத்துச் சுடும்படி செய்யப்பட்ட, குழலுக்குள் சுருள் பள்ளம் உள்ள துப்பாக்கிதான் ரைஃபிள். அதன் குழல் 16 இன்சுக்கு, அதாவது சுமார் 40.6 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் அது 'எஸ்.பி.ஆர்.' எனப்படும் குட்டைக் குழல் ரைஃபிள். குழல் நீளம் சரியாக இருந்து, துப்பாக்கியின் மொத்த நீளம் 26 இன்சுக்குக் குறைந்தாலும் அதே கணக்குதான். ஷாட்கன் வகைக்கு குழல் நீள எல்லை 18 இன்ச்.

கைத்துப்பாக்கிக்கு மத்திய அரசு இப்படி நீள எல்லை எதுவும் வைக்கவில்லை. 10 இன்ச் குழல் கொண்ட ஏ.ஆர். வகை துப்பாக்கியை, தோளில் வைக்கும் கட்டை இல்லாமல் 'பிஸ்டல்' என்று விற்கலாம். அதற்கு இந்தச் சிறப்புப் பதிவு தேவையில்லை. அதே துப்பாக்கியில் ஒரு கட்டையை மாட்டினால் போதும், அது எஸ்.பி.ஆர். ஆகிவிடும். அனுமதி வாங்காமல் மாட்டியவர் மத்திய அரசின் குற்ற வழக்கைச் சந்திக்க வேண்டியதுதான்.

இந்த விதி எங்கிருந்து வந்தது?

1934-ல் கொண்டுவரப்பட்ட தேசிய துப்பாக்கிச் சட்டம்தான் இதற்கு மூலம். மதுவிலக்கு காலத்தில் கும்பல்கள் தெருவில் இயந்திரத் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டதன் எதிரொலி அது. ஆயுதங்களை நேரடியாகத் தடை செய்ய மத்திய அரசுக்கு அதிகாரம் உண்டா என்ற சந்தேகம் இருந்ததால், நாடாளுமன்றம் வரி என்ற வழியைப் பிடித்தது. இயந்திரத் துப்பாக்கி, சைலன்சர், குட்டை ஷாட்கன், குட்டை ரைஃபிள் ஆகியவற்றைத் தயாரிக்கவும் கைமாற்றவும் 200 டாலர் வரி விதிக்கப்பட்டது. பணவீக்கத்தைக் கணக்கில் எடுத்தால் இன்றைக்கு அது 4,500 டாலருக்கும் மேல். சாமானியர் யாரும் இந்தப் பக்கமே வரக்கூடாது என்பதுதான் நோக்கம்.

முதலில் எழுதப்பட்ட மசோதாவில் கைத்துப்பாக்கிகளும் இருந்தன. அப்படி இருந்தால், ஒருவர் ரைஃபிளை வாங்கி குழலை அறுத்து கோட்டுக்குள் மறைத்துக்கொள்ளலாமே? அந்த ஓட்டையை அடைக்கத்தான் குட்டை ரைஃபிளும் பட்டியலில் சேர்ந்தது. பிறகு எதிர்ப்பு கிளம்பியதால் கைத்துப்பாக்கிகளை நீக்கிவிட்டார்கள். ஆனால் ஓட்டையை அடைக்கச் சேர்த்த விதி மட்டும் அப்படியே தங்கிவிட்டது. துப்பாக்கி உரிமை அமைப்புகள் இன்றும் எடுத்து வைக்கும் முக்கிய வாதம் இதுதான்.

ஆரம்பத்தில் ரைஃபிளுக்கும் எல்லை 18 இன்சாகவே இருந்தது. 1960-ல்தான் அதை 16 ஆகக் குறைத்தார்கள். வரித் தொகை மட்டும் 90 ஆண்டுகளுக்கு மேல் ஒரு டாலர்கூட ஏறவே இல்லை. 1934-ல் பெரும் தொகையாக இருந்தது, காலப்போக்கில் துப்பாக்கி விலையில் ஒரு சிறு பங்காகிவிட்டது. 2021-லேயே பதிவான குட்டை ரைஃபிள்களின் எண்ணிக்கை 5 லட்சத்தைத் தாண்டியது.

குழல் நீளத்தில் அப்படி என்ன இருக்கு?

நீளக் குழலில் வெடிமருந்தின் அழுத்தம் தோட்டாவை அதிக நேரம் தள்ளும். அதனால் வேகம் கூடும். அமெரிக்க ராணுவத்தின் 5.56 மில்லிமீட்டர் தோட்டா, எம்16 துப்பாக்கியின் 20 இன்ச் குழலில் நொடிக்குச் சுமார் 3,100 அடி வேகத்தில் வெளியேறும். எம்4 துப்பாக்கியின் 14.5 இன்ச் குழலில் அது சுமார் 2,900 அடி. சிறப்புப் படைகள் பயன்படுத்தும் 10.3 இன்ச் குழலில் சுமார் 2,600 அடி ஆகிவிடும்.

வேகம் குறைவதோடு முடிவதில்லை. எரிந்து முடியாத வெடிமருந்து குழலுக்கு வெளியே எரிவதால் சத்தமும் தீப்பிழம்பும் அதிகமாகும். அப்புறம் ஏன் குட்டைக் குழல் கேட்கிறார்கள்? வீட்டுக்குள், வாகனத்துக்குள் திரும்புவதற்கு எளிது. எடை குறைவு. நுனியில் சைலன்சர் மாட்டினாலும் மொத்த நீளம் அதிகமாகாது. '.300 பிளாக்அவுட்' என்ற தோட்டா குட்டைக் குழலை மனதில் வைத்தே உருவானது. சுமார் 9 இன்ச் குழலே அதற்குப் போதுமானதாகக் கருதப்படுகிறது. 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கித் தோட்டாவைச் சுடும் ரைஃபிள்களிலும் குழலை நீட்டுவதால் பெரிய லாபம் இல்லை.

எதிர்த்தரப்பு கவலைப்படுவதும் இதே காரணத்தால்தான். ரைஃபிள் தோட்டாவின் பலம், தோளில் வைத்துக் குறி பார்க்கும் வசதி, பைக்குள் மறைக்கும் அளவு ஆகிய மூன்றும் ஒரே ஆயுதத்தில் சேர்ந்துவிடுகின்றன என்கிறார்கள் துப்பாக்கிக் கட்டுப்பாடு கோருபவர்கள்.

'பிரேஸ்' விவகாரம்: ஒரு சின்னப் பொருள், பெரிய குழப்பம்

2012-ல் 'பிரேஸ்' என்ற பொருள் சந்தைக்கு வந்தது. கை ஊனமுற்ற முன்னாள் ராணுவ வீரர் கனமான பிஸ்டலை ஒரே கையால் சுடும்போது, முழங்கைக்குக் கீழே பட்டையால் கட்டிக்கொள்ள உதவும் கருவி அது. பார்க்க தோள் கட்டை மாதிரியே இருக்கும். துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் ஏ.டி.எஃப். அமைப்பு அதை அனுமதித்தது. ஆனால் பலரும் அதைத் தோளிலேயே வைத்துச் சுட ஆரம்பித்தார்கள். பதிவும் இல்லை, வரியும் இல்லை, கையில் கிட்டத்தட்ட ஒரு குட்டை ரைஃபிள்!

2019-ல் ஒஹாயோ மாநிலம் டேட்டனில் 9 பேரும், 2021-ல் கொலராடோ மாநிலம் போல்டரில் உள்ள சூப்பர் மார்க்கெட்டில் 10 பேரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டு தாக்குதலிலும் பயன்பட்டது இந்த ஏ.ஆர். பிஸ்டல் வகை. போல்டர் சம்பவத்துக்குப் பிறகு அப்போதைய அதிபர் பைடன் நடவடிக்கை எடுக்கச் சொன்னார். 2023 ஜனவரியில் புதிய விதி வந்தது. பிரேஸ் மாட்டிய பெரும்பாலான பிஸ்டல்கள் இனி குட்டை ரைஃபிள்தான், மே 31-க்குள் வரியில்லாமல் பதிவு செய்யுங்கள், இல்லாவிட்டால் கழற்றிவிடுங்கள் என்றது அரசு.

நாட்டில் 30 லட்சம் பிரேஸ்கள் இருக்கலாம் என்பது ஏ.டி.எஃப். கணக்கு. நாடாளுமன்ற ஆய்வுப் பிரிவின் மதிப்பீடோ 1 கோடி முதல் 4 கோடி வரை. பதிவுக்கு வந்தவை சுமார் இரண்டரை லட்சம் மட்டுமே. அதாவது, பத்து ஆண்டுகளாகச் சட்டப்படி வாங்கிய பொருளுக்காக லட்சக்கணக்கானோர் திடீரென்று குற்றவாளி ஆகும் நிலை. 2024 ஜூனில் டெக்சாஸ் மத்திய நீதிமன்றம் இந்த விதியையே ரத்து செய்தது. விதியை உருவாக்கிய முறை தவறு என்பது தீர்ப்பின் சாரம். 1934 சட்டத்தை அந்தத் தீர்ப்பு தொடவில்லை.

இப்போது என்னென்ன வழிகள் இருக்கின்றன?

முதல் வழி, பதிவே தேவைப்படாத நீளத்தில் நின்றுகொள்வது. 16 இன்ச் குழல் வாங்குபவர்கள் அதிகமாக இருப்பதற்கு இதுவே காரணம். 14.5 இன்ச் குழலின் நுனியில் ஒரு பாகத்தைக் கழற்ற முடியாதபடி நிரந்தரமாக வெல்டிங் செய்து, மொத்தம் 16 இன்சுக்குக் குறையாமல் ஆக்கினாலும் சட்டம் ஏற்கும். திருகி மாட்டும் பாகம் கணக்கில் வராது.

இரண்டாவது, தன்னிடம் இருக்கும் துப்பாக்கியைக் குட்டை ரைஃபிளாக மாற்ற 'ஃபார்ம் 1' விண்ணப்பம். ஒப்புதல் கையில் வந்த பிறகுதான் மாற்றம் செய்யலாம். வரி பூஜ்ஜியம் ஆகிவிட்டதே என்று முதலில் மாற்றிவிட்டு, பிறகு விண்ணப்பம் போட்டால் அது குற்றம். மாற்றியவரின் பெயரும் ஊரும் துப்பாக்கியில் பொறிக்கப்பட வேண்டும்.

மூன்றாவது, கடையிலேயே குட்டை ரைஃபிளாக இருப்பதை வாங்க 'ஃபார்ம் 4'. இதற்கும் ஒப்புதல் வரும்வரை துப்பாக்கி கடைக்காரரிடமே இருக்கும். இரண்டு விண்ணப்பத்திலும் புகைப்படம், கைரேகை, பின்னணிச் சோதனை உண்டு. உள்ளூர் காவல் தலைமைக்கும் ஒரு பிரதி போக வேண்டும்.

தனிநபர் பெயரில் பதிவு செய்தால், அவர் இல்லாத நேரத்தில் மனைவிகூட அதைத் தன் பொறுப்பில் வைத்திருப்பது சிக்கல். அதனால் சிலர் அறக்கட்டளை போன்ற 'டிரஸ்ட்' பெயரில் பதிவு செய்கிறார்கள். உறுப்பினர்கள் எல்லோரும் பயன்படுத்தலாம், உரிமையாளர் இறந்தால் கைமாற்றுவதும் எளிது. ஆனால் 2016 முதல் டிரஸ்டின் பொறுப்பாளர்கள் ஒவ்வொருவரும் கைரேகையும் புகைப்படமும் கொடுத்தாக வேண்டும்.

மாநிலம் தாண்டினால் என்ன ஆகும்?

மத்திய அரசின் ஒப்புதல் மட்டும் போதாது. கலிஃபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி போன்ற மாநிலங்களில் பொதுமக்கள் குட்டை ரைஃபிள் வைத்திருப்பது பொதுவாகத் தடை. அனுமதி உள்ள ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்கு எடுத்துச் செல்லவும் ஏ.டி.எஃப்.-இடம் முன்கூட்டியே தனி அனுமதி பெற வேண்டும்.

அமெரிக்காவில் வேலை பார்க்கும் தமிழர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள், வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, எந்தத் துப்பாக்கியும் வைத்திருக்கக் கூடாது என்பது மத்திய சட்டம். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. மீறினால் சிறையோடு முடியாது, விசாவுக்கும் ஆபத்து.

வரி போச்சு, பதிவு ஏன் போகலை?

குட்டை ரைஃபிளையும் சைலன்சரையும் 1934 சட்டத்திலிருந்தே நீக்கத்தான் குடியரசுக் கட்சியினர் முயன்றார்கள். ஆனால் பட்ஜெட் மசோதாவில் வரவு செலவு சம்பந்தப்பட்டவை மட்டுமே இருக்கலாம் என்பது செனட் விதி. பதிவை நீக்குவது அந்த வரம்புக்குள் வராது என்று செனட் விதிமுறை அதிகாரி சொல்லிவிட்டார். அதனால் வரியை மட்டும் பூஜ்ஜியம் ஆக்கினார்கள். இயந்திரத் துப்பாக்கிக்கும் வெடிகுண்டு வகை ஆயுதங்களுக்கும் 200 டாலர் வரி தொடர்கிறது.

இங்கேதான் சட்டச் சிக்கல். 1937-ல் உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டத்தை ஏற்றபோது, இது வரி விதிக்கும் அதிகாரத்துக்குள் வருகிறது என்றுதான் சொன்னது. இப்போது வரியே இல்லை. அப்படியானால் பதிவு எந்த அதிகாரத்தில் நிற்கிறது என்று கேட்டு, 2025-ல் டெக்சாஸிலும் மிசௌரியிலும் துப்பாக்கி உரிமை அமைப்புகள் வழக்கு போட்டன. வரி இல்லாவிட்டாலும், மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு இருக்கிறது என்பது மறுபக்க வாதம். 1939-ல் குட்டை ஷாட்கன் வழக்கில் சட்டத்தை உச்ச நீதிமன்றம் ஒருமனதாக ஏற்றதையும் அவர்கள் சுட்டிக்காட்டுகிறார்கள்.

வழக்கு தொடுத்தவர்கள் வென்றால், குட்டை ரைஃபிளும் சைலன்சரும் மத்திய அரசின் பதிவேட்டிலிருந்தே வெளியேறலாம். டேட்டன், போல்டர் போன்ற சம்பவங்களைப் பார்த்தவர்களுக்கு அது பெரிய அச்சம். தோற்றால், கட்டணம் இல்லாமலேயே பதிவேடு இன்னும் பல லட்சம் பேரின் விவரங்களோடு வளரும். அரசு தங்களைக் கணக்கெடுக்கிறது என்று நினைக்கும் துப்பாக்கி உரிமையாளர்களுக்கு அது வேறு விதமான அச்சம். இறுதித் தீர்ப்பு வரும்வரை, ஒப்புதல் இல்லாத பதினைந்தரை இன்ச் குழலுக்குத் தண்டனை 10 ஆண்டு வரை என்பதில் எந்த மாற்றமும் இல்லை.