தமிழ்நாட்டு இருபது20 அணிகளில் தலைமை மாற்றம்

தமிழ்நாட்டு இருபது20 அணிகளில் தலைமை மாற்றம் என்பது இந்தியன் பிரீமியர் லீக்கில் ஆடும் சென்னை சூப்பர் கிங்ஸ், தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் ஆடும் சேலம் ஸ்பார்ட்டன்ஸ் ஆகிய துடுப்பாட்ட அணிகளில் தலைவர் பொறுப்பு கைமாறிய முறையையும் அதன் விளைவுகளையும் குறிக்கும். முன்னது ஒரே தலைவரையும் ஒரே பயிற்றுநரையும் நீண்டகாலம் கொண்டிருந்த அணி. பின்னது தலைமை நிலைபெறாத அணி. இரண்டிலும் அடுத்த தலைவரை முன்கூட்டியே உருவாக்கும் ஏற்பாடு வலுவாக இல்லை என்பது பொதுவான குறையாகும். இக்குறையை விளங்கிக்கொள்ள யப்பானின் யோமியுரி ஜயன்ட்ஸ் பேஸ்பால் அணியின் வரலாறு பயன்படுகிறது.

சேலம் ஸ்பார்ட்டன்ஸ்

தமிழ்நாடு துடுப்பாட்டச் சங்கம் 2016ஆம் ஆண்டில் எட்டு அணிகளுடன் தமிழ்நாடு பிரீமியர் லீக்கைத் தொடங்கியது. அவற்றுள் ஒன்றான தூத்துக்குடி பேட்ரியாட்ஸ் முதல் ஆண்டிலேயே வாகை சூடியது. 2017இல் இறுதிப் போட்டியில் சேப்பாக் சூப்பர் கில்லீசிடம் தோற்று இரண்டாமிடம் பெற்றது. இவ்வணியே 2021ஆம் ஆண்டில் சேலம் ஸ்பார்ட்டன்ஸ் என்னும் பெயருடன் சேலத்தைச் சார்ந்த அணியாக மாறியது. சேலம் மாவட்டத்திற்கும், அதிலிருந்து 1997இல் பிரிக்கப்பட்ட நாமக்கல் மாவட்டத்திற்கும் இதனால் அருகிலேயே ஒரு தொழில்முறை அணி கிடைத்தது. சேலத்திற்குக் கிழக்கே வாழப்பாடியில் 2020 பெப்ரவரியில் திறக்கப்பட்ட விளையாட்டரங்கில் 2022 முதல் தமிழ்நாடு பிரீமியர் லீக் போட்டிகளும் நடைபெற்றுள்ளன.

அரங்கும் பார்வையாளர்களும் அமைந்தபோதிலும் ஆட்டத்தில் அணி முன்னேறவில்லை. 2021 முதல் 2025 வரை நடந்த ஐந்து தொடர்களில் ஒன்றில்கூட சேலம் அணி முதல் நான்கு இடங்களுக்குள் வரவில்லை. இக்காலத்தில் அணித்தலைவர் பொறுப்பு பலமுறை கைமாறியது. 2023இல் வீரர்களை ஏலத்தில் எடுக்கும் முறை இத்தொடரில் முதன்முறையாக அறிமுகமானது. ஏலத்தில் அணியின் உறுப்பினர்கள் மாறும்போது தலைவரும் மாறுவது எளிதாகிவிடுகிறது.

அணித்தலைவரின் சுமைக்கு 2023 சூன் மாதம் நடந்த ஒரு போட்டி எடுத்துக்காட்டாகும். சேப்பாக் அணிக்கு எதிரான அப்போட்டியில் சேலம் அணித்தலைவர் அபிசேக் தன்வர் கடைசி ஓவரைத் தாமே வீசினார். நோபால்களும் அகலப்பந்தும் ஆறு ஓட்ட அடிகளும் சேர்ந்து, அந்த ஓவரின் கடைசிப் பந்து முறையாக முடிவதற்குள் 18 ஓட்டங்கள் சேர்ந்தன. இந்நிகழ்வு உலக அளவில் செய்தியானது. துடுப்பாட்டத்தில் அணித்தலைவர் வியூகம் வகுப்பவர் மட்டுமல்லர், களத்தில் தாமும் ஆட வேண்டியவர் என்பதை இது காட்டுகிறது.

சென்னை சூப்பர் கிங்ஸ்

2008இல் தொடங்கப்பட்ட இவ்வணியின் முதல் பயிற்றுநர் கெப்லர் வெசல்ஸ் ஆவார். அவ்வாண்டு அணியில் வீரராக ஆடிய நியூசிலாந்தின் முன்னாள் அணித்தலைவர் ஸ்டீபன் பிளெமிங் 2009இல் பயிற்றுநரானார். அணி தடைசெய்யப்பட்டிருந்த 2016, 2017 ஆகிய இரண்டு ஆண்டுகள் நீங்கலாக 2025 தொடர் வரை அவரே இப்பொறுப்பில் இருந்தார். மகேந்திரசிங் தோனியின் தலைமையில் அணி 2010, 2011, 2018, 2021, 2023 ஆகிய ஆண்டுகளில் ஐந்து முறை வாகை சூடியது.

தோனி, இரவீந்திர சடேசா, ருதுராச் கெயிக்வாட் ஆகிய மூவரே 2025 வரை முழுத் தொடருக்குமான தலைவர்களாக அறிவிக்கப்பட்டவர்கள். தோனி இல்லாத சில போட்டிகளில் சுரேஷ் ரைனா தலைமையேற்றார். சடேசாவின் நியமனம் 2022 தொடர் தொடங்குவதற்கு இரண்டு நாட்களுக்கு முன்னர் அறிவிக்கப்பட்டது. எட்டுப் போட்டிகளில் இரண்டில் மட்டுமே அணி வென்ற நிலையில் அவர் பொறுப்பைத் துறந்தார். தோனி மீண்டும் தலைவரானார். அவ்வாண்டு அணி ஒன்பதாம் இடத்தைப் பெற்றது.

கெயிக்வாட்டின் நியமனம் 2024 தொடரின் முதல் போட்டிக்கு முந்தைய நாள் வெளியானது. இவர் 2023 ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் தங்கம் வென்ற இந்திய அணியின் தலைவராக இருந்தவர். எனவே சடேசாவைவிடக் கூடுதல் ஆயத்தத்துடன் வந்தவர் எனலாம். 2024இல் அணி ஐந்தாம் இடம் பெற்றது. 2025இல் முழங்கைக் காயத்தால் அவர் விலகவே, தோனி மூன்றாம் முறையாகத் தலைமையேற்றார். அத்தொடரில் 14 போட்டிகளில் 4 வெற்றிகளுடன் அணி தன் வரலாற்றில் முதன்முறையாகக் கடைசி இடத்தைப் பிடித்தது. 2025 நவம்பரில் சடேசா ராசத்தான் ராயல்ஸ் அணிக்கு மாற்றப்பட்டு, அவ்வணியின் தலைவராக இருந்த சஞ்சு சாம்சன் சென்னைக்கு வந்தார்.

இம்மூவரில் எவரும் தமிழ்நாட்டு வீரர் அல்லர். சென்னை அணியில் 2009 முதல் 2015 வரை ஆடிய இரவிச்சந்திரன் அசுவின் 2018, 2019 ஆகிய ஆண்டுகளில் பஞ்சாப் அணிக்குத் தலைமை தாங்கினார். தினேஷ் கார்த்திக் கொல்கத்தா அணியின் தலைவராக இருந்தார். தமிழ்நாட்டில் தலைமைக்குரியோர் இல்லாமலில்லை. அவர்களுக்கான வாய்ப்பு வேறு மாநிலங்களின் அணிகளிலேயே கிடைத்தது.

யப்பானிய பேஸ்பால் ஒப்பீடு

பேஸ்பாலில் மேலாளரே பயிற்றுநராகவும் வியூகம் வகுப்பவராகவும் செயற்படுகிறார். அவர் களத்தில் ஆடுவதில்லை. ஓரத்திலிருந்து முடிவுகளை எடுக்கிறார். 1934இல் தொடங்கப்பட்ட யோமியுரி ஜயன்ட்ஸ் அணியில், அவ்வணியிலேயே ஆடியவர்களை மேலாளராக்குவது நீண்டகால மரபாகும்.

தெத்சுகாரு கவகாமி 1961 முதல் 1974 வரை மேலாளராக இருந்தார். 1965 முதல் 1973 வரை தொடர்ந்து ஒன்பது ஆண்டுகள் அணி யப்பானிய வாகையர் பட்டத்தை வென்றது. 1974 இறுதியில் அணியின் நட்சத்திர வீரர் சிகியோ நகசிமா ஓய்வுபெற்று, பயிற்றுநர் பணியில் பழகாமலேயே நேரடியாக மேலாளரானார். 1975இல் அணி தன் வரலாற்றில் முதன்முறையாக லீக்கின் கடைசி இடத்திற்குத் தள்ளப்பட்டது. நிருவாகம் அவரை உடனே நீக்கவில்லை. 1976, 1977 ஆகிய ஆண்டுகளில் அவர் தலைமையில் அணி மத்திய லீக் பட்டத்தை வென்றது.

பிற்காலத்தில் முறை மாறியது. தத்சுனோரி கரா, நகசிமாவின் இரண்டாவது பொறுப்புக்காலத்தில் அவரின்கீழ் பயிற்றுநராகப் பணியாற்றிய பின்னர் 2002இல் மேலாளரானார். அவ்வாண்டே யப்பானிய வாகையர் பட்டம் கிடைத்தது. சின்னொசுகே அபே 2020 முதல் இரண்டாம்நிலை அணியின் மேலாளராகவும், பின்னர் கராவின்கீழ் பயிற்றுநராகவும் பழகி, 2024இல் பொறுப்பேற்றார். முதல் ஆண்டிலேயே அணி மத்திய லீக் பட்டத்தை வென்றது.

பெரும் வெற்றி பெற்ற தலைவருக்குப் பின் ஓர் அணி வீழ்வது புதிதன்று. அடுத்தவர் பழக்கப்பட்டவராக இருந்தாரா, தவறினால் திருத்திக்கொள்ளக் காலம் வழங்கப்பட்டதா என்னும் இரண்டுமே பின்விளைவைத் தீர்மானித்தன. சடேசாவுக்கு எட்டுப் போட்டிகளே கிடைத்தன. நகசிமாவுக்கு ஆண்டுகள் கிடைத்தன.

மதிப்பீடு

சென்னை அணியின் 2025 வீழ்ச்சிக்குத் தலைமை மாற்றம் மட்டுமே காரணம் எனக் கூற இயலாது. ஏலத் தேர்வுகளும் காயமும் அதில் பங்கு வகித்தன. 2023இல் பழைய தலைவருடனேயே அணி வாகை சூடியதையும் கருத்திற் கொள்ள வேண்டும். ஆயினும் ஒவ்வொரு நெருக்கடியிலும் அதே தலைவரிடம் திரும்பியது, அடுத்தவர் வேரூன்றுவதைத் தாமதப்படுத்தியது.

சேலம் பகுதியில் இச்சிக்கல் வேறு வடிவம் கொள்கிறது. சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த வேகப்பந்து வீச்சாளர் த. நடராசன், 2016இல் தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் திண்டுக்கல் டிராகன்ஸ் அணிக்கு ஆடி, 2017இல் பஞ்சாப் அணியால் 3 கோடி ரூபாய்க்கு எடுக்கப்பட்டார். 2020-21 ஆத்திரேலியச் சுற்றுப்பயணத்தில் ஒருநாள், இருபது20, தேர்வு ஆகிய மூன்று வகைப் போட்டிகளிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். தம் ஊரில் அவர் அமைத்த துடுப்பாட்டத் திடல் 2023இல் திறக்கப்பட்டது. இப்பகுதியிலிருந்து திறமையுள்ள வீரர்கள் வருவார்கள் என்பதற்கு இது சான்றாகும். அவர்களுள் ஒருவர் துணைத்தலைவராகப் பழகி, தலைவராகி, ஆட்டக்காலம் முடிந்தபின் பயிற்றுநராகத் தொடரும் வழி உள்ளூர் அணியில் இன்னும் உருப்பெறவில்லை.

ஆண்டுக்கு ஒரு மாத அளவே நடைபெறும் தொடரில் யப்பானிய முறையை அப்படியே பின்பற்றுவது கடினம். ஆனால் துணைத்தலைவரையும் உதவிப் பயிற்றுநரையும் குறைந்தது மூன்று தொடர்களுக்கு மாற்றாமல் வைத்திருப்பது ஏல முறைக்குள்ளும், தக்கவைக்கும் விதிகள் இடம்தரும் அளவுக்கு இயலக்கூடியதே. அவ்வாறு செய்யாதவரை வாழப்பாடி அரங்கில் கூடும் சேலம், நாமக்கல் இளைஞர்கள் நல்ல பந்துவீச்சைக் காண்பர். ஒரு தலைவர் உருவாவதைக் காணும் வாய்ப்பு அரிதாகவே இருக்கும்.