வாங்கிய போனைத் திறக்க எந்தத் திருப்புளி?

2010-இல் ஐபோன் 4 அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது, சார்ஜர் செருகும் இடத்துக்கு இருபுறமும் இருந்தவை சாதாரண ஸ்டார் திருகுகள்தான். சில மாதங்கள் கழித்து, ரிப்பேருக்காக ஆப்பிள் கடைக்குப் போன போன்கள் வேறு திருகுகளோடு திரும்பி வரத் தொடங்கின. பூ வடிவில் ஐந்து இதழ் கொண்ட பள்ளம். ‘பென்டலோப்’ என்று பெயர். அதில் பொருந்தும் திருப்புளி அப்போது சாதாரண ஹார்டுவேர் கடைகளில் கிடையாது. கலிபோர்னியாவைச் சேர்ந்த ஐஃபிக்ஸிட் நிறுவனம் 2011 ஜனவரியில் இதை ஊரறியச் செய்தது. அதன் தலைவர் கைல் வீன்ஸ் குற்றம்சாட்டியதோடு நிற்கவில்லை. ஐந்து இதழ்த் திருப்புளி ஒன்றையும், பதிலுக்குப் பூட்டிக்கொள்ள ஸ்டார் திருகுகளையும் சேர்த்து விற்கவும் ஆரம்பித்தார்.

இன்று சென்னை ரிச்சி தெருவில் அதே திருப்புளியைக் கேட்டால் யாரும் வியப்பாகப் பார்க்க மாட்டார்கள். பிட் செட் பெட்டிக்குள் பத்தோடு பதினொன்றாகக் கிடக்கிறது. ஆகவே திருடனுக்கோ, போலி உதிரிபாகம் போடுபவருக்கோ இந்தத் திருகு தடையே இல்லை. தடைபட்டு நிற்பவர், சில வருடம் ஓடிய போனுக்கு பேட்டரி மட்டும் மாற்ற நினைக்கும் சொந்தக்காரர்தான். வீட்டில் இருக்கிற திருப்புளியை வைத்து நெம்பிப் பார்ப்பார். இதழ்கள் மழுங்கும். அதன் பிறகு சர்வீஸ் சென்டர் சொல்வதுதான் விலை.

ஆப்பிளுக்கு முன்பே வீடியோ கேம் நிறுவனமான நின்டென்டோ இதைச் செய்தது. கேம் பாய் கேசட்டுகளைத் தனக்கென்று வைத்திருந்த ஒரு வகைத் திருகால் மூடியது. பிள்ளைகள் அசரவில்லை. பால்பாயின்ட் பேனாவின் பிளாஸ்டிக் முனையைச் சூடாக்கி, திருகின் மேல் அழுத்தி, ஆறவிட்டு, அதையே திருப்புளியாக்கிக் கொண்டார்கள்.

இதற்காக எல்லா விசேஷத் திருகுகளையும் ஒரேயடியாகக் குறை சொல்வதும் சரியல்ல. 2019 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் புது வண்டிகளுக்குக் கட்டாயமான உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட், உடைத்தால்தான் கழலும் ஸ்னாப் லாக்கில் மாட்டப்படுகிறது. பிளேட்டைக் கழற்றி வேறு வண்டியில் மாட்டுவதைத் தடுப்பதுதான் நோக்கம், அது நியாயம். மைக்ரோவேவ் அவனுக்குள் இருக்கும் கெப்பாசிட்டர், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆளைக் கொல்லும் அளவுக்கு மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். அங்கே பூட்டுத் திருகு போட்டால் யார் சண்டைக்குப் போவார்கள்? போனிலும் மடிக்கணினியிலும் பேட்டரியை மூடி வைக்க அதே நியாயத்தைச் சொல்லும்போதுதான் நெருடுகிறது.

பொருந்தாத திருப்புளி என்ன சேதம் செய்யும் என்பதை பைக் மெக்கானிக்குகளைக் கேட்டால் தெரியும். ஜப்பானிய வடிவமைப்பில் வந்த பழைய பைக்குகளின் எஞ்சின் கவரில் இருக்கும் ஸ்டார் திருகு, பார்வைக்கு அமெரிக்காவின் பிலிப்ஸ் திருகு மாதிரியேதான் இருக்கும். ஆனால் அது ஜே.ஐ.எஸ். என்ற ஜப்பானியத் தரத்தைச் சேர்ந்தது. பல திருகுகளின் தலையில் அதற்கு அடையாளமாகச் சின்னப் புள்ளி இருக்கும். பிலிப்ஸ் முனை அந்தப் பள்ளத்தில் அடிவரை உட்காராது. பலமாகத் திருகினால் மேலேறி வழுக்கி, நான்கு மூலையையும் வழித்துவிடும். போதாததற்கு, இரும்புத் திருகும் அலுமினியக் கவரும் மழையில் வருடக்கணக்கில் நனைந்து, அரித்து, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும்.

கைதேர்ந்தவர் அவசரப்பட மாட்டார். துரு இளக்கும் எண்ணெயை அடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். திரும்பி வந்து கவரை லேசாகச் சூடுகாட்டுவார். சூட்டில் அலுமினியம் இரும்பைவிடச் சுமார் இரண்டு மடங்கு விரியும் என்பதால் மரையின் பிடி தளரும். அப்புறம் இம்பாக்ட் டிரைவர். கைக்கு அடக்கமான, கனத்த இரும்பு உருளை அது. பின்பக்கம் சுத்தியலால் ஓர் அடி போட்டால், உள்ளிருக்கும் சரிவான அமைப்பு அந்த அடியைச் சிறு திருப்பமாக மாற்றும். அதே அடி முனையைத் திருகுக்குள் அழுத்தியும் வைப்பதால் எளிதில் வழுக்காது. அதற்கும் மசியாத திருகின் நடுவில் துளை போட்டு, இடப்புற மரை கொண்ட எக்ஸ்ட்ராக்டரை இறக்குவார். கழற்றும் திசையில் சுற்றச் சுற்ற அது இறுகி, திருகையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும். உள்ளேயே முறிந்துவிட்டால் மட்டும் அன்றைய பொழுது போச்சு. கடினப்படுத்திய எஃகு அது. சாதாரண டிரில் இறங்காது.

பைக்கில் இவ்வளவும் செய்ய இடமுண்டு. பக்கத்திலேயே பேட்டரி இருக்கும் போனில் சூடும் சுத்தியலும் எங்கே போவது? அதனால்தான் இங்கே சட்டம் வேண்டியிருக்கிறது.

பிரான்ஸ் 2021 முதல் போன், மடிக்கணினி போன்றவற்றுக்குப் பத்துக்கு இத்தனை என்று பழுதுபார்ப்பு மதிப்பெண் போட்டது. எந்தக் கருவி தேவை, எந்த வகைத் திருகு என்பதற்கும் அதில் மதிப்பெண் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் பேட்டரி விதி இன்னும் கறார்: 2027 பிப்ரவரி 18 முதல், சில விலக்குகள் தவிர, கையடக்க சாதனங்களின் பேட்டரியைக் கடையில் கிடைக்கும் கருவியாலேயே கழற்ற முடிய வேண்டும். விசேஷக் கருவி தேவையென்றால் நிறுவனமே அதை இலவசமாகத் தர வேண்டும். முடியாத காரியம் ஒன்றுமில்லை. ஃபிரேம்வொர்க் என்ற அமெரிக்க நிறுவனம் தன் மடிக்கணினியோடு அதைத் திறக்கும் திருப்புளியையும் பெட்டியிலேயே வைத்து விற்கிறது.

இந்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022-இல் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று இணையதளம் தொடங்கியது. போன், மின்னணுப் பொருட்களுக்கான மதிப்பெண் முறை பற்றி அத்துறை அமைத்த குழு 2025 மே மாதம் அறிக்கை கொடுத்தது. கணக்கில் கொள்ள வேண்டியவை என்று குழு சொன்னவற்றில் கருவிகளும் உண்டு, திருகுகளும் உண்டு. பாராட்ட வேண்டியதுதான். இடிக்கிற இடம் ஒன்றே: அந்த மதிப்பெண்ணை நிறுவனங்கள் தாங்களே கணக்கிட்டு அறிவிக்கலாம் என்கிறது அறிக்கை. பரீட்சை எழுதியவனே விடைத்தாளையும் திருத்துவானா? விற்பனைக்கு வரும் ஒவ்வொரு மாடலையும், அந்த நிறுவனத்தோடு தொடர்பில்லாத ஒரு மெக்கானிக் முன்னால், கடையில் வாங்கிய திருப்புளியோடு வைக்கட்டும். எதையும் உடைக்காமல் பேட்டரியைக் கழற்றி மாட்ட அவருக்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்த்து, அதற்கேற்ற மதிப்பெண்ணைப் பெட்டியின் மேல் அச்சிடட்டும்.