கதாநாயகனின் துப்பாக்கியில் மருந்து இல்லை

நமது சரித்திரக் கதைகளில் வருகிற துப்பாக்கிகள் தெய்வாம்சம் பொருந்தியவை. அவற்றுக்கு மருந்து வேண்டாம், குண்டு வேண்டாம், குண்டைக் கெட்டிக்கிற கம்பியும் வேண்டாம். கதாநாயகன் குதிரைமேல் பாய்ந்து வருகிறான். 'டுமீல்' என்று ஒரு சத்தம், ஒருவன் விழுகிறான். மறுபடியும் 'டுமீல்'; இன்னொருவன் விழுகிறான். குதிரை நிற்கவில்லை, அவன் கை குழலின் வாய்ப்பக்கம் ஒரு தடவைகூடப் போகவில்லை. ஆனால் பக்கம் முடிவதற்குள் ஏழு பேர் மண்ணில் கிடக்கிறார்கள். அத்தியாயத்தின் தலையிலோ '1799' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது!

இந்த அநியாயத்தைக் குறித்துச் சண்டை பிடிக்கத்தான் இதை எழுதுகிறேன். "இது ஓர் அற்ப விஷயம், இதற்கு ஒரு கட்டுரையா?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் மதிக்கிற பத்திரிகை ஆசிரியர் ஒருவர், இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது, "வாசகர் கதை படிக்க வருகிறார், ஐயா! பட்டாளத்தில் சேர வரவில்லை" என்றார். கேட்பதற்கு நயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நியாயமாக இல்லை. கதாநாயகி ரசம் வைத்தால், புளியை எப்போது கரைத்தாள், பெருங்காயத்தை எப்போது போட்டாள் என்பதெல்லாம் ஒழுங்காக அச்சாகிறது. புளியே இல்லாமல் ஒரு கதையில் ரசம் கொதித்துவிட்டால், மயிலாப்பூரிலிருந்தும் மன்னார்குடியிலிருந்தும் கடிதங்கள் வந்து குவியும். அடுப்படிக்கு உள்ள மரியாதை போர்க்களத்துக்கு ஏன் இல்லை? ஒருவன் சாவதற்கும் ஒருவன் பிழைப்பதற்கும் காரணமாக இருந்த ஒரு சாமானைப் பற்றி, ரசத்துக்குக் காட்டுகிற சிரத்தையாவது காட்ட வேண்டாமா?

முதலில் அந்தத் துப்பாக்கி எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். கும்பெனியின் சிப்பாய்கள் தூக்கிச் சென்றது, 'பிரௌன் பெஸ்' என்று செல்லப் பெயர் பெற்ற வகையைச் சேர்ந்தது. குழலின் உட்புறம் மழமழவென்று இருக்கும். ரைஃபிளில் இருப்பதுபோல் சுருள் வரிகள் கிடையா. எல்லாம் வாய் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். மருந்தையும் குண்டையும் சேர்த்து ஒரு காகிதத் தோட்டாவாகச் சுற்றியிருப்பார்கள். சிப்பாய் அதன் நுனியைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும். துளி மருந்தைக் குழலின் பக்கத்திலுள்ள சிறு கிண்ணத்தில் இட்டு மூட வேண்டும். துப்பாக்கியை நிமிர்த்தி நிறுத்தி, மிச்ச மருந்தைக் குழலுக்குள் கொட்ட வேண்டும். காகிதத்தோடு குண்டைப் போட்டு, கம்பியால் அடிவரைக்கும் இடித்து இறக்க வேண்டும். கம்பியை உருவிப் பழைய இடத்தில் செருகிவிட்டு, அதன் பிறகுதான் தோளில் வைத்துச் சுட வேண்டும். நன்றாகப் பழகிய சிப்பாய் இத்தனையையும் ஒரு நிமிஷத்தில் மூன்று தடவை செய்வான். அதாவது, ஒரு வெடிக்கும் மறு வெடிக்கும் நடுவே 20 விநாடி. அந்த 20 விநாடியும் அவன் கையில் இருப்பது துப்பாக்கி அல்ல. ஒரு நீளமான தடி. நுனியில் கத்தி செருகியிருந்தால் ஓர் ஈட்டி.

அடுத்தபடி, குறி. அந்தக் குழலின் வாய் சுமார் 0.75 அங்குலம், குண்டோ சுமார் 0.69 அங்குலந்தான். இந்த இடைவெளியைத் தெரிந்தேதான் விட்டார்கள். கருமருந்து எரிந்தால் ஏராளமான கசடு குழலில் ஒட்டிக்கொள்ளும். சில வெடிகளுக்குப் பிறகு இறுக்கமான குண்டு உள்ளே இறங்க மறுக்கும். தளர்ந்த குண்டாக இருந்தால் சரசரவென்று இறங்கும். ஆனால் வேகத்துக்குக் கொடுத்த விலை குறி. குண்டு குழலுக்குள் இப்படியும் அப்படியும் மோதிக்கொண்டு வெளியே வந்து, கடைசி மோதல் எந்தத் திசையில் தள்ளிற்றோ அந்தத் திசையில் போகும். ஆங்கிலப் படையில் கர்னலாக இருந்த ஜார்ஜ் ஹேங்கர் என்பவர், இந்தத் துப்பாக்கியால் 200 கஜத்தில் ஒருவனைக் குறிவைப்பதும் சந்திரனைக் குறிவைப்பதும் ஒன்றுதான் என்கிற கருத்தை 1814இல் எழுதிவைத்தார். நம்முடைய கதாநாயகனோ அதே 200 கஜத்தில், ஓடுகிற குதிரையிலிருந்து, துரையின் தலையைத் தொடாமல் தொப்பியை மட்டும் பறக்கவிடுகிறான்! குழல் வாயைக் கீழே தொங்கவிட்டபடி குதிரைமேல் குலுங்கி வந்தால், தளர்ந்த குண்டு மருந்தைவிட்டு உருண்டு விலகிவிடக்கூடும் என்பதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

துரோகியின் மார்பைப் பிளப்பதற்காக 'இரண்டு பங்கு மருந்து' போடுகிற வீரன் ஒருவனையும் ஒரு தொடர்கதையில் சந்தித்தேன். ஆத்திரம் கூடினால் மருந்தும் கூட வேண்டும் என்பது அந்த ஆசிரியரின் சித்தாந்தம். மருந்து அதற்கெல்லாம் கட்டுப்பட்டதல்ல. வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10 என்ற விகிதத்தில் ஆங்கிலேயர்கள் சேர்த்த கலவை அது. அந்தக் காலத்துத் தோட்டாவில், கிண்ணத்துக்குரியதையும் சேர்த்து, சுமார் 6 டிராம் மருந்து இருக்கும். நம் கணக்கில் பத்தரை கிராம். குண்டு சுமார் 32 கிராம். ஆகவே மருந்து, குண்டின் எடையில் மூன்றில் ஒரு பங்கு. பிற்காலத்தில், கிண்ணத்துக்கென்று மருந்து வேண்டியிராத கேப்புத் துப்பாக்கி வந்தபோது, 1842ஆம் வருஷத்து மாதிரிக்கு நாலரை டிராமே போதும் என்று குறைத்தார்கள். அளவுக்கு மேல் போடுகிற மருந்து குழலுக்குள் முழுவதும் எரிந்து தீராது. வாய்க்கு வெளியே தீப்பொறியாகப் பறக்கும். சுடுகிறவன் தோள் உதை வாங்கும், கசடு பெருகும், மிஞ்சிப் போனால் குழலே பிளந்து துரோகிக்குப் பதில் வீரனே சாவான். குண்டு மருந்தின்மேல் படியாமல் நடுவழியில் நின்றுவிட்டாலும் இதே கதிதான்.

வேட்டைக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ரவை போட்டுச் சுடுகிறவர்கள் ஒரே அளவுக் குவளையால் மருந்தையும் ரவையையும் சம அளவாக அளந்துகொள்வது பழைய வழக்கம். எடையில் அல்ல, கொள்ளளவில். நடுவே கெட்டியான தக்கை; மேலே ரவை கொட்டாமலிருக்க ஒரு மெல்லிய அட்டை. மருந்தைக் கூட்டினால் ரவை சிதறிப் பரந்து நடுவில் ஓட்டை விழும். பறவை அந்த ஓட்டை வழியாகப் பிழைத்துப் போகும். மருந்துக் குடுவையிலிருந்து நேராகக் குழலுக்குள் கொட்டவும் மாட்டார்கள். முந்தைய வெடியின் பொறி ஒன்று உள்ளே கனிந்துகொண்டிருந்தால், குடுவை கையிலேயே வெடிக்கும். அதனால்தான் தனி அளவுக் குவளை.

கதை எழுதுகிறவனுக்கு இதிலே எவ்வளவு இருக்கிறது, பாருங்கள்! காலையில் கவுதாரிக்கென்று பொடி ரவை கெட்டித்துக்கொண்டு காட்டுக்குப் போனவன் எதிரில் சாயங்காலம் ஒரு சிறுத்தை வந்து நிற்கிறது. குழலுக்குள் இருப்பது இருப்பதுதான். அதை மாற்ற இரண்டே வழி: சுட்டுத் தீர்க்க வேண்டும், அல்லது கம்பியின் முனையில் திருகாணியை மாட்டி, தக்கையைக் கழற்றி, எல்லாவற்றையும் வெளியே கொட்ட வேண்டும். சிறுத்தை அதுவரை காத்திருக்குமா? காலையில் செய்த தேர்வு மாலையில் விதியாகிவிடுகிறது. இதைவிட நல்ல கதைக்கரு எந்தக் கடையில் கிடைக்கும்? எதிரே என்ன வரும் என்று தெரியாத இந்தச் சங்கடத்துக்கு அமெரிக்கர்கள் ஒரு சமாதானம் கண்டார்கள்: ஒரே தோட்டாவில் ஒரு பெரிய குண்டும் மூன்று சிறு குண்டுகளும். 1863 ஜூலையில் கெட்டிஸ்பர்க் போரில், நியூ ஜெர்ஸியின் 12ஆவது காலாட்படை அதைத்தான் கெட்டித்துச் சுட்டது. அவர்களுடைய நினைவுக் கல்லின் உச்சியில் அந்தக் குண்டுகளையே வடித்து வைத்திருக்கிறார்கள்.

அதே போர்க்களத்தைப் பற்றிய இன்னொரு செய்தியைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. போர் முடிந்த பிறகு, கீழே கிடந்த 27,000க்கு மேற்பட்ட துப்பாக்கிகளைப் பொறுக்கிச் சோதித்தார்கள். சுமார் 24,000 துப்பாக்கிகள் கெட்டித்தபடியே கிடந்தன. அவற்றில் பாதியில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு தோட்டா. சுமார் 6,000 துப்பாக்கிகளில் மூன்று முதல் பத்து வரை. ஒன்றில் மட்டும் 23 என்று அறிக்கை சொல்கிறது. பக்கத்தில் ஆயிரம் துப்பாக்கிகள் வெடிக்கிற ஓசையில், தன்னுடையது வெடித்ததா இல்லையா என்பதே சிலருக்குத் தெரியவில்லை. பழகிய கை கடித்தது, கொட்டியது, இடித்தது. மறுபடியும் கடித்தது, கொட்டியது, இடித்தது. மனம் எங்கேயோ போய்விட்டது. அச்சம் என்பதைப் பற்றி நாம் 'அவன் நெஞ்சு படபடத்தது' என்று எழுதுகிறோம். ஒரு குழலுக்குள் அடுக்கடுக்காகக் கிடந்த 23 தோட்டாக்கள், அந்த வார்த்தைகள் சொல்லாததைச் சொல்லவில்லையா?

'அமெரிக்காவில் நடந்தது நமக்கெதற்கு?' என்பவர்கள் 1857ஐ எண்ணிப் பார்க்கட்டும். பழைய மழமழக் குழலில் குண்டு தளர்வாக இறங்கியதால், தோட்டாவுக்குக் கொழுப்புத் தடவ வேண்டிய அவசியம் இருக்கவில்லை. புதிய என்ஃபீல்டு ரைஃபிளில் குண்டு சுருள் வரிகளோடு நெருங்கிப் பொருந்த வேண்டும். ஆகவே தோட்டாவுக்கு வழுக்குப் பூச்சு தேவைப்பட்டது. கடிக்கிற வழக்கமோ பழைய வழக்கமே. பசுவின் கொழுப்பு, பன்றியின் கொழுப்பு என்ற பேச்சு பரவியதும், ஏற்கெனவே குமைந்துகொண்டிருந்த சிப்பாய்களின் மனம் பற்றிக்கொண்டது. கலகத்துக்கு வேறு காரணங்கள் பல உண்டு. ஆனாலும் பொறி விழுந்த இடம், குழலுக்கும் குண்டுக்கும் நடுவிலிருந்த அந்த மெல்லிய இடைவெளி. அளவு அற்ப விஷயம் என்கிறவர்கள் இதற்கு என்ன சொல்கிறார்கள்?

நம் ஊருக்கே வருவோம். 1801 மார்ச் 31ஆம் தேதி கும்பெனிப் படை பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையின்மேல் பாய்ந்து, பெருத்த சேதத்தோடு பின்வாங்கியது. மண் கோட்டை அது. சுவர் உடைந்த இடத்தில் ஏறியவர்களை எதிர்கொண்டவை நீண்ட வேல்கள். கும்பெனிப் பக்கம் போரிட்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி, 1830இல் வெளியான தம் நினைவு நூலில் இந்தத் தோல்வியை மறைக்காமல் எழுதியிருக்கிறார். மேலும் ஆட்களும் பீரங்கிகளும் வந்த பிறகு, மே 24ஆம் தேதிதான் கோட்டை விழுந்தது.

இப்போது நம் கதைகளின் துப்பாக்கியை அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். ஓயாமல் சுடுகிற துப்பாக்கிக்கு எதிரே வேலோடு நின்றவன் யார்? ஒன்று, அவன் மூடன், அல்லது மாயாவி. நம் கதைகள் அவனை மாயாவியாக்கிக் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுகின்றன. உண்மையான துப்பாக்கியை வைத்துப் பாருங்கள். ஒரு வெடி தீர்ந்துவிட்டால் 20 விநாடி தனக்குச் சொந்தம் என்று தெரிந்தவன் அவன். இடுக்கான சுவர் உடைப்பில், மேலே ஏறுகிறவனால் கம்பியை எடுத்து இடித்துக்கொண்டிருக்க முடியாது என்று கண்டவன். வேலின் நீளம் எவ்வளவு, அந்த நேரத்தின் நீளம் எவ்வளவு என்று கணக்குப் போட்டவன். அவனிடம் வீரம் இருந்தது. கூடவே புத்தியும் இருந்தது. அந்தப் புத்தியை நாம் பிடுங்கிக்கொண்டு, வீரத்தை மட்டும் மாலையாகப் போடுகிறோம். செத்தவனுக்குச் செய்கிற மரியாதையா இது?

தோல்வியைப் பற்றி எழுதும்போதும் இதே குறைதான். எல்லாத் தோல்விகளுக்கும் நாம் ஒரு துரோகியைக் கொண்டுவந்து நிறுத்தித் திரைபோட்டு விடுகிறோம். துரோகிகள் இருந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் கும்பெனியின் கையில் பீகாரின் வெடியுப்பு இருந்தது. ஒரே வாயளவுள்ள குழல்களும், எவன் பையிலிருந்து எடுத்தாலும் எவன் துப்பாக்கிக்கும் இறங்குகிற தோட்டாக்களும் இருந்தன. கையால் அடித்துச் செய்த திரித் துப்பாக்கிகளிலோ ஒன்றின் குண்டு இன்னொன்றுக்குப் பொருந்துவது நிச்சயமில்லை. பக்கத்தில் நிற்பவன் செத்தாலும் அவன் குண்டு நமக்கு உதவாமல் போகலாம். இதை எழுதினால் துரோகியின் பங்கு கொஞ்சம் குறையும். வாசகரின் அறிவு கொஞ்சம் கூடும். இரண்டும் நல்லதுதானே?

பத்துப் பக்கத்துக்கு மருந்துக் கணக்கு எழுதி வாசகரைக் கொல்ல வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதற்குக் கையேடுகள் இருக்கின்றன. சக எழுத்தாளர்களிடம் நான் கேட்பது கொஞ்சந்தான். நாவல் முழுவதிலும் ஒரே ஒரு தடவையாவது உங்கள் கதாநாயகன் துப்பாக்கியைக் கெட்டிக்கட்டும். மழையில் கிண்ணத்து மருந்து நனைந்து, ஒரு தடவையாவது அது வெடிக்காமல் போகட்டும். 1834இல் இங்கிலாந்தில் வைத்துப் பார்த்த சோதனையிலேயே, சக்கிமுக்கிக் கல் வைத்த துப்பாக்கி ஆறேழு தடவைக்கு ஒரு தடவை வெடிக்காமல் கைவிட்டது. கைவிடப்பட்ட அந்தக் கணத்தில் உங்கள் கதாநாயகன் என்ன செய்கிறான் என்பதை எழுதுங்கள். அவன் எப்படிப்பட்ட ஆண்பிள்ளை என்பது அங்கேதான் தெரியும்.

வாசகர்களையும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த தடவை ஒரு சரித்திரத் தொடரில் 'டுமீல்' என்ற சத்தம் கேட்டால், மனத்துக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்குங்கள். இருபது எண்ணுவதற்குள் அதே குழலிலிருந்து இரண்டாவது 'டுமீல்' வந்துவிட்டால், தயவுசெய்து அந்தப் பத்திரிகைக்கு ஒரு கடிதம் போடுங்கள். புளியில்லாத ரசத்துக்கு எழுதுவீர்களே, அதே சூட்டோடு எழுதுங்கள்.